பத்தொன்பது வரியும் மூன்று ஓலையும்

பென்னிக்குத் தன் கல்யாணச் செய்தி முதன்முதலில் மஸ்கட்டிலிருந்து வந்தது.

திங்கட்கிழமை காலை எட்டே முக்கால். பெருங்களத்தூரில் ரயிலேறி, கதவோரம் ஒற்றைக் காலில் நின்றபடி, சானடோரியம் ஸ்டேஷன் வருவதற்குள் இன்னொரு காலையும் ஊன்ற இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. ஏதோ வெளிநாட்டு நம்பர்.

"மாப்பிள்ளையா பேசுறது?"

"ராங் நம்பர் சார்."

"பென்னிதானே? பீர்க்கன்கரணை சபை வெப்சைட் பாத்துக்கிற பென்னி? பக்கத்துக்குக் கீழ உன் நம்பர்தானே போட்டிருக்கு?"

"ஆமா சார்."

"அப்ப மாப்பிள்ளைதான். நான் துரைராஜ். ஏஞ்சலோட தாய்மாமன்."

ஏஞ்சல் என்ற பெயரைக் கேட்டதும் பென்னி தன் ஒரே காலையும் தூக்கிவிட்டான். பின்னால் நின்றவர் அவனைப் பிடித்துத் திட்டினார். துரைராஜ் எதையும் கவனிக்கவில்லை. இரண்டு வாரமாகத் தேக்கி வைத்ததைத் திறந்து விட்டிருந்தார்.

"முதல் ஓலை பாத்தேன். சரி, மச்சான் இன்னைக்குப் போன் பண்ணுவார்னு உக்காந்திருந்தேன். ரெண்டாவது ஓலையும் வந்துச்சு, போன் வரல. நேத்து மூணாவதும் போட்டாச்சு. தாய்மாமன்னு ஒருத்தன் இந்தப் பாலைவனத்துல உயிரோட இருக்கானா, காஞ்சு கருவாடா ஆயிட்டானான்னு கேக்க ஆள் இல்ல. மச்சான்கிட்ட நான் பேசமாட்டேன். தானா சொல்லட்டும்னு இருந்தேன். இனிமேலும் இருந்தா கல்யாணமே முடிஞ்சிரும். நீ தேதிய மட்டும் சொல்லு. வரேன். பந்தியில உக்கார மாட்டேன். ஓரமா நின்னு பாத்துட்டுப் போறேன்."

"யாருக்கு சார் கல்யாணம்?"

"இந்தக் குசும்பெல்லாம் என்கிட்ட வேணாம் தம்பி" என்று துரைராஜ் போனை வைத்துவிட்டார்.

கிறிஸ்தவ வீடுகளில் கல்யாணத்துக்கு முன் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் ஆயரிடம் அறிவிக்கலாம் என்று. மூன்று வாரமும் யாரும் வாயைத் திறக்கவில்லையென்றால் தாலிக்குத் தங்கம் வாங்கப் போகலாம். அப்படிப்பட்ட ஓலை தன் பெயரில் மூன்று முறை வெளியாகியிருக்கிறது என்பது பென்னிக்கு மெதுவாகப் புரிந்தபோது, ரயில் சானடோரியத்தைத் தாண்டி குரோம்பேட்டையில் நின்றிருந்தது.

அலுவலகத்துக்கு அரைமணி தாமதமாகப் போய், பையைக்கூட இறக்காமல் சபையின் பக்கத்தைத் திறந்தான். பார்த்தான். நாற்காலி எங்கே என்று கையால் துழாவி உட்கார்ந்தான்.

"பீர்க்கன்கரணை சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற திரு. அருமைநாயகம், திருமதி செல்வமேரி ஆகியோரின் குமாரன் பென்னிக்கும், இதே சபையைச் சேர்ந்த திரு. வேதசிரோமணியின் குமாரத்தி ஏஞ்சலுக்கும் பரிசுத்த விவாகம் செய்ய நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது மூன்றாம் ஓலை."

இதை எழுதியவன் அவனேதான்.

நடந்தது இதுதான். பென்னி அந்தக் கம்பெனியில் சிஸ்டம் அட்மின். இருபத்தொன்பது வயது. பெண்களிடம் பேசுவதைத் தவிர மற்ற எல்லாக் கலைகளிலும் ஓரளவு தேர்ச்சி உண்டு. சபைக்கு ஒரு வெப்சைட் வேண்டும், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வாராந்தர அறிவிப்புகளைப் படிக்கட்டும் என்று ஆயர் ஜெபசீலன் கேட்டபோது, ஊரெல்லாம் டேட்டாபேஸ், லாகின், பாஸ்வேர்டு என்று யானை கட்டிப் போரடித்துக்கொண்டிருந்த 2007-இல், அவன் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினான். ஒரு ஃபோல்டர். அதில் டெக்ஸ்ட் ஃபைல்கள். ஞாயிறு காலை ஒன்பதுக்கு ஸ்கிரிப்ட் தானாக எழுந்து, ஒவ்வொரு ஃபைலையும் ஒரு வெப் பக்கமாக மாற்றி, சர்வருக்கு அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும். போன வருடம் ஓலைகளையும் போடச் சொன்னார்கள். அதற்கும் வழி செய்தான். ஃபைலின் தேதியிலிருந்து வாரத்தை எண்ணி, முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை என்று அதுவே போட்டுக்கொள்ளும்.

அறிவிப்புகளைத் தட்டச்சு செய்து சனிக்கிழமை தோறும் மின்னஞ்சலில் அனுப்புகிறவள் ஏஞ்சல். குரோம்பேட்டையில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஞாயிறு பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை. இரண்டு வருடமாக அவர்களுக்கிடையே நடந்த மொத்த உறவும், "டியர் பிரதர், அறிவிப்புகள் இணைத்துள்ளேன்" என்று அவள் எழுதுவதும், "நன்றி சிஸ்டர், கிடைத்தது" என்று இவன் எழுதுவதும்தான். இந்த "கிடைத்தது" என்ற ஒரு சொல்லை அனுப்ப அவன் இருபது நிமிடம் எடுத்துக்கொள்வான் என்பது வேறு விஷயம்.

ஓலை சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு மாதிரி ஃபைல் வேண்டியிருந்தது. 'சோதனை' என்று ஓர் உள் ஃபோல்டர் திறந்து, மாதிரி ஓலை ஒன்றை எழுதி வைத்தான். அந்த ஃபோல்டரை மட்டும் தொடாதே என்று ஸ்கிரிப்டில் ஒரு வரியும் வைத்தான். ஒரு வருடம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

சரியாக ஒரு மாதத்துக்கு முன்னால் அவனுக்குச் சிக்கனப் பேய் பிடித்தது. முப்பத்தொரு வரி இருந்த ஸ்கிரிப்டைச் சுருக்க உட்கார்ந்தான். இதில் இரண்டு வரி, அதில் மூன்று வரி என்று கழித்துக்கொண்டே வந்து, ஒரு வரியில் நின்றான். இது எதற்கு என்று ஞாபகம் வரவில்லை. விளக்கமாக ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கவில்லை, ஏனென்றால் குறிப்பும் ஒரு வரி. தூக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தான். ஓடியது. பத்தொன்பது வரி! அந்தச் சாதனையைத் தன் சொந்த வலைப்பதிவில் எழுதி, தெரிந்த நாலு பேருக்குச் சுட்டியும் அனுப்பினான். இடையில் சர்வர் மாற்றியபோது சோதனை ஓலைக்கும் புதுத்தேதி விழுந்ததையும் அவன் கவனிக்கவில்லை. ஸ்கிரிப்ட் கவனித்தது. சோதனை ஃபோல்டருக்குள் நுழைந்து, புதுக் கருக்கோடு கிடந்த ஓலையை எடுத்து, உலகத்துக்கு வாசித்துவிட்டது.

பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரியாது. எண்ணுவதற்கு இரண்டு வரி கூடும்.

"இன்னா மச்சான், பேயடிச்சா மாதிரி கீற?" என்று பக்கத்து மேஜைக் கார்த்தி எட்டிப் பார்த்தான். திரையைப் படித்தான். "டேய்! கல்யாணமா? சொல்லவே இல்ல?"

"எனக்கே யாரும் சொல்லல."

முழுக்கதையையும் கேட்டுவிட்டுக் கார்த்தி ஐந்து நிமிடம் மேஜையில் தலை வைத்துச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வைரஸ்னு சொல்லிடு" என்றான்.

"என்னது?"

"வைரஸ் பூந்துகினு தானா எய்திச்சுன்னு சொல்லு. யாருக்கு இன்னா தெரியப்போவுது? எங்க வூட்ல மிக்ஸி ஓடலன்னாலே எங்கப்பா வைரஸ்னுதான் சொல்லுது."

"அது லினக்ஸ் சர்வர்டா. அதுல எப்படி வைரஸ் வரும்?"

"மானம் போவுது, நீ லினக்ஸ் மானத்தக் காப்பாத்திகினு கீற."

பென்னி பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு அந்த ஃபைலை அழித்தான். ஸ்கிரிப்டை ஓட்டினான். நாலே நொடியில் ஓலை காணாமல் போனது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான். சாய்ந்த அடுத்த கணம் நிமிர்ந்தான்.

சிங்கப்பெருமாள் கோவில்.

அந்த ஊரில் ஒரு மாப்பிள்ளை இருந்தான். தொழிற்சாலையில் என்ஜினியர். அவனை ஏஞ்சலுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய முடிந்த சம்பந்தம். இரண்டு வாரத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஏன் என்று சொல்லவில்லை. ஏஞ்சலின் அப்பா வேதசிரோமணி உடைந்துபோனார். மனைவி இறந்தபின் அந்தப் பெண்ணுக்காகவே இருக்கிற மனிதர். போன புதன்கிழமை ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தவரைப் பென்னி எதிரில் பார்த்தான். "எங்ககிட்ட என்ன குறை கண்டாங்களோ தெரியல தம்பி" என்றார். "எல்லாம் கர்த்தருடைய சித்தம் அங்கிள்" என்று முகத்தைத் தொங்கவிட்டு ஆறுதல் சொல்லிவிட்டு, வீடு வரைக்கும் விசிலடித்துக்கொண்டே போனான்.

கர்த்தருடைய சித்தம் அல்ல. நடுவே ஒரு வரி குறைந்திருக்கிறது.

அந்த வீட்டார் சபையைப் பற்றி விசாரிக்க வெப்சைட்டைத் திறந்திருப்பார்கள். பெண் பெயர், அப்பா பெயர், பக்கத்தில் எவனோ ஒருத்தன் பெயர். யார்தான் மறுபடி போன் செய்வார்கள்? இதைச் சரிசெய்ய வேண்டுமானால் அவனே போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் சம்பந்தம் மறுபடி கூடிவிடும். ஏஞ்சல் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய்விடுவாள். சனிக்கிழமை மின்னஞ்சலை வேறு யாராவது அனுப்புவார்கள். சொல்லாவிட்டால், அந்த மனிதர் தன் பெண்ணிடம் என்ன குறை என்று யோசித்துக்கொண்டே ஏரியைச் சுற்றிவருவார்.

"வைரஸ்" என்று கார்த்தி மறுபடி உதட்டை அசைத்தான்.

பென்னி அரை நாள் லீவு போட்டுவிட்டு, அந்த அரை நாளையும் பெருங்களத்தூர் ரயில் நிலைய பெஞ்சில் செலவழித்தான். ஆறு மணிக்கு வேதசிரோமணி வீட்டுக் கேட்டைத் திறந்தான்.

வேதசிரோமணி ரயில்வேயில் முப்பத்து நாலு வருடம் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நாற்காலி போட்டு, காலைப் பேப்பரில் மிச்சம் இருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. ஏஞ்சல் இன்னும் வரல. அறிவிப்பு ஏதாச்சும் திருத்தணுமா?"

"உங்களைத்தான் அங்கிள் பாக்க வந்தேன். நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்..."

"நாடகமா? கிறிஸ்மஸுக்கு இன்னும் ஆறு மாசம் கிடக்கே."

இப்படி ஆரம்பித்தால் விடியாது என்று பென்னிக்குத் தெரிந்துபோனது. "இது நம்ம வெப்சைட்ல வந்திருச்சு அங்கிள்" என்று அலுவலகத்தில் எடுத்து வைத்திருந்த பிரிண்ட்டை நீட்டினான். வேதசிரோமணி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். தாளைத் திருப்பி, பின்னால் ஏதாவது விளக்கம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார். காதோரம் சிவந்துகொண்டே வந்தது.

"என் பொண்ணு பேரு. என் பேரு. உன் பேரு."

"ஆமா அங்கிள்."

"உலகம் பூரா போயிருக்கு."

"ஆமா அங்கிள். துரைராஜ் அங்கிள் காலைல மஸ்கட்ல இருந்து போன் பண்ணினார். அவருக்குச் சொல்லலன்னு வருத்தத்துல இருக்கார்."

"மூணாம் ஓலை வரைக்கும் வந்திருக்கு. எனக்கு மட்டும் தெரியாது."

"எனக்கும் தெரியாது அங்கிள்."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். வேதசிரோமணி எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது. அடிக்கப் போகிறார் என்றே பென்னி நினைத்தான். அதற்கும் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டான். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், மனிதர் மேல்மூச்சு வாங்க அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிங்கப்பெருமாள் கோவில் குப்புராஜ் வீட்ல ஏன் நிறுத்தினாங்கன்னு இப்பத் தெரியுது. ரெண்டு வாரமா நான் தூங்கல, தெரியுமா உனக்கு? என் பொண்ணு கறுப்புன்னு விட்டாங்களா, தாயில்லாப் பொண்ணுன்னு விட்டாங்களான்னு..." தாளை மடித்துச் சட்டைப் பையில் திணித்தார். "போன் போடு. இப்பவே. நீயே பேசு. நான்தான் பண்ணினேன்னு உன் வாயால சொல்லு."

நம்பரை அவர் சொல்லச் சொல்லப் பென்னி அழுத்தினான். ஸ்பீக்கரில் போடச் சொன்னார், போட்டான். பையனின் அப்பா குப்புராஜ் எடுத்தார்.

"சார், வணக்கம். நான் பீர்க்கன்கரணை சபையிலேர்ந்து பேசுறேன். எங்க வெப்சைட்ல ஏஞ்சல்ங்கிற பொண்ணு பேர்ல ஓர் ஓலை தப்பா வந்திருச்சு. அது நெசம் இல்ல. அது முழுக்க முழுக்க என் தப்பு. அதனால நீங்க..."

"அதுவா? அத்த வுடு தம்பி. எங்களுக்கு ஒரு மனஸ்தாபமும் இல்ல. அந்தப் பொண்ணே போன் பண்ணி சொல்லிச்சே."

வேதசிரோமணி போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"எந்தப் பொண்ணு சார்?" என்று பென்னி கேட்டான்.

"ஏஞ்சல் பொண்ணுதான். ரெண்டு வாரம் கீது. ஞாயித்துக்கெயம மத்தியானம். 'அங்கிள், எங்க சபை வெப்சைட்டப் பாருங்க, எனக்கு ஓலை போட்டாச்சு, நீங்க வேற நல்ல எடமாப் பாருங்க, எங்கப்பா சங்கடப்படுவாரு, அவராண்ட ஒண்ணும் கேக்காதீங்க'ன்னு மரியாதயா சொல்லிச்சு. பாத்தோம். ஓலை இருந்துச்சு. அப்பால அவர இன்னாத்துக்கு பேஜார் பண்ணணும்னு சும்மா இருந்துட்டோம். நம்ம பையனுக்கும் கேளம்பாக்கத்துல முடிஞ்சிருச்சுப்பா, செப்டம்பர்ல கல்யாணம். ஆமா, நீ யாரு பேசுறது?"

"நான்... பென்னி."

"அட, மாப்ள! நல்லா இருப்பா! பத்திரிக அனுப்பு, மறந்துடாத!"

போன் அணைந்தது. இரண்டு ஆண்களும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பென்னிக்குக் காதுக்குள் ரயில் போகிற சத்தம் கேட்டது. நிஜமாகவே ஒரு ரயில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதைப் பிரித்துப் பார்க்கிற நிலையில் அவன் இல்லை.

கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தாள் ஏஞ்சல். குப்புராஜின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கக்கூடியது.

"ஏம்மா?" என்றார் வேதசிரோமணி.

அவள் உள்ளே வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். அப்பாவைப் பார்க்க முடியாமல் பென்னியைப் பார்த்தாள்.

"அன்னைக்கு சர்வீஸ் முடிஞ்சு பிரவுசிங் சென்டர் போனேன் ப்பா. நான் டைப் பண்ணினதுல தப்பு இருக்கான்னு வாராவாரம் பாப்பேன். பாத்தா, நான் அனுப்பாத ஓலை ஒண்ணு. என் பேரு. அரைமணி நேரம் எந்திரிக்காம உக்காந்திருந்தேன். அப்புறம் நெனச்சேன், வாயில்லாத பிள்ளை, நேர்ல கேக்கத் தெரியாம, தனக்குத் தெரிஞ்ச வழியில கேட்டிருக்குன்னு."

"கேட்டிருக்குன்னா?" என்றார் வேதசிரோமணி.

"என்னைத்தான் ப்பா. சிங்கப்பெருமாள் கோவில் எனக்குப் பிடிக்கலன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். இந்த வாரம் இவர் வந்து உங்ககிட்டப் பேசுவார், அடுத்த வாரம் பேசுவார்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கொயர்லேர்ந்து பாத்தா, ஃபேனுக்குக் கீழ உக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டிருக்கார். ரெண்டாம் ஓலைக்கும் கொட்டாவி. மூணாம் ஓலைக்கும் கொட்டாவி. இன்னைக்குத்தான் வந்திருக்கார்." அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?"

பென்னிக்கு அப்போது நல்ல புத்தி என்று ஏதாவது இருந்திருந்தால் தலையை ஆட்டியிருப்பான். ஆனால் காலையிலிருந்து உண்மை சொல்லிப் பழகிவிட்டிருந்தது.

"அது டெஸ்ட் சிஸ்டர்."

"என்ன?"

"ஓலை ஃபார்மேட் சரியா வருதான்னு பாக்க, ஒரு டெஸ்ட் ஃபைல். தெரியாம வெளிய போயிருச்சு. நான் ஒரு வரியை எடுத்துட்டேன்..."

சிரிப்பு நின்ற இடம் அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. ஒரு மனிதன் நம்பி உட்கார்ந்த நாற்காலியை இழுத்துவிட்டால் அவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவள் முகம்.

"டெஸ்ட்டா?" என்றாள். "ரெண்டு வாரம். வந்த சம்பந்தத்த நானே வேணாம்னு சொல்லி, அப்பா தூங்காம கிடக்கிறதப் பாத்துக்கிட்டு, வாயத் திறக்காம... எல்லாம் டெஸ்ட்டுக்கா?"

"இல்ல, அது வந்து..."

"டெஸ்ட்டுக்கு எதுக்கு என் பேரு? கொயர்ல பதினோரு பொண்ணு இருக்கு. இல்லன்னா அபிதகுஜாம்பாள்னு நம்ம சபையில யாருக்குமே இல்லாத பேரா ஒண்ணு போட வேண்டியதுதானே?"

"ஒரு பேர் வேணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். கீபோர்டுல கைய வெச்சேன்." பென்னியின் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "வேற பேரு வரல. அழிச்சு அழிச்சுப் பாத்தேன். வேற எந்தப் பேரு போட்டாலும் சோதனைக்குக்கூட மனசு ஒப்பல. ஒரு வருஷமா அந்த ஃபைல் அங்கயே இருந்துச்சு. வாராவாரம் தெறந்து பாத்துட்டு மூடிடுவேன். வெளிய போகும்னு நான் நெனக்கல. போகணும்னு ஆசை இல்லன்னு சொன்னா அது பொய்."

இவ்வளவு நீளமாக அவன் எந்தப் பெண்ணிடமும் பேசியதில்லை.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றார் வேதசிரோமணி.

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவர் மல்லாந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முப்பத்து நாலு வருஷம் கார்டா இருந்தேன். நான் கொடி காட்டாம என் வண்டி ஒண்ணுகூட நகர்ந்தது இல்ல. நீங்க ரெண்டு பேரும் கொடியும் இல்லாம சிக்னலும் இல்லாம மூணு ஸ்டேஷன் தாண்டிட்டீங்க. டிரைவருக்கே வண்டி ஓடுறது தெரியல. கேக்கவே வெக்கமா இருக்கு." மகளிடம் திரும்பினார். குரல் தணிந்தது. "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லக்கூடாதா பாப்பா? உன்கிட்ட என்ன குறைன்னு நான் தெருத்தெருவா யோசிச்சுக்கிட்டு நடந்தேனே."

ஏஞ்சல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பென்னி கேட்டின் தாழ்ப்பாளை மும்முரமாக ஆராய்ந்தான்.

"உங்கம்மா செல்வமேரிய நாளைக்கு வரச் சொல்லு" என்று அவர் அவன் பக்கம் பார்க்காமலே சொன்னார். "பேசிப் பாக்கலாம். பாக்கலாம்னா சரின்னு அர்த்தம் இல்ல. ஓலை வாசிக்கிறதா இருந்தா முதல்லேர்ந்து, ஆயர் வாயால, சபை முன்னால. கம்ப்யூட்டர் வாசிச்சது எதுவும் செல்லாது." சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். மஸ்கட்டுக்கு எத்தனை சைபர் போட வேண்டும் என்று தனக்குள் கேட்டுக்கொண்டே போனார்.

வாசலில் இருவரும் மிஞ்சினார்கள். கொசு கடித்தது. பென்னி கடிக்க விட்டுவிட்டு நின்றான்.

"வெப்சைட்ல அந்த ஓலை இப்பவும் இருக்குல்ல?" என்று ஏஞ்சல் மெதுவாகக் கேட்டாள். "பிரிண்ட் எடுத்து வெச்சுக்கலாம்னு ரெண்டு வாரமா நெனக்கிறேன். பிரவுசிங் சென்டர்ல கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

"இல்லயே" என்றான் பென்னி. அன்றைக்கு அவன் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்ற நிம்மதி குரலில் இருந்தது. "காலைலயே டிலீட் பண்ணிட்டேன். நாலே நொடி. ஒரு தடயம் இல்ல."

ஏஞ்சல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரைக் கேட்டு டிலீட் பண்ணீங்க?"